பெரிய தோட்டத்துக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: சென்னையில் கட்டுப்படியாகும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கோவளம், முட்டுக்காடு, திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வாங்கி, வீடு கட்டி, மீதி இடத்தில் புல் வளர்த்தவர்களுக்கு முதல் ஐப்பசி வந்ததும் வேலை தெரிந்துவிடும். மழை பிடித்த பத்தாவது நாள் புல் கணுக்காலைத் தாண்டி நிற்கும். தள்ளிக்கொண்டு போகும் மெஷினோடு தோட்டக்காரர் காலையில் இறங்கினால் மாலை வரை முடியாது. அடுத்த நாள் மழை, வேலை நின்றுவிடும். மழை விட்டுப் பார்த்தால் முதலில் வெட்டிய மூலை மறுபடி வளர்ந்திருக்கும். அப்போதுதான் பலர் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

தேடினால் கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே ஊருக்கு ஊர் டீலர் உண்டு, பெரிய கடைகளில் வரிசையாக வண்டி நிற்கும், பெல்ட் போனால் அன்றைக்கே வாங்கிவிடலாம். அந்த வீடியோக்களில் ‘மலிவான நல்ல வண்டி’ என்று சொல்லப்படுவது அந்த ஊருக்குச் சரி. சென்னையில் மலிவு என்பதை நான் வேறு விதமாகத்தான் பார்க்கிறேன்: நவம்பர் முதல் வாரம் வண்டி படுத்துவிட்டால், அதே வாரத்தில் எழுந்து ஓட வேண்டும். அப்படி ஓடுகிற வண்டிதான் கட்டுப்படியாகும் வண்டி. விலைப்பட்டியலில் ஐம்பதாயிரம் குறைவாக இருந்து, ஒரு பெல்ட்டுக்காக மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் வண்டி உண்மையில் விலை கூடியது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்தை ஒட்டித்தான் வருகிறது.

முதலில் புல்லை அளங்கள்

பத்திரத்தில் உள்ள பரப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். வெட்ட வேண்டிய புல்லின் பரப்புதான் வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, அதாவது 100 சென்ட், நம் ஊர்க் கணக்கில் 18 கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் வீடு, போர்ட்டிகோ, கார் பாதை, கிணறு, காய்கறிப் பாத்தி, தென்னைக்கு வெட்டிய வட்டப் பாத்திகள், நாய்க்கூண்டு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் கழியுங்கள். ஒரு ஏக்கர் மனையில் புல் 60 சென்ட்தான் தேறும் என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். கூகுள் எர்த்தில் புல்வெளியைச் சுற்றி கோடு போட்டாலே பரப்பு வந்துவிடும். நேரில் நூறடி டேப் பிடித்து ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

அடுத்தது வேகக் கணக்கு. வெட்டும் தட்டை எல்லோரும் டெக் என்பார்கள். அதன் அகலத்தை வண்டி போகும் வேகத்தால் பெருக்கி, ஒன்றன் மேல் ஒன்று ஏறும் ஓரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். 42 அங்குல டெக் என்றால் மூன்றரை அடி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறக்குறைய 16,400 அடி. பெருக்கினால் 57,400 சதுர அடி, கழிவு போக 46,000. அதாவது தடையில்லாத இடத்தில் மணிக்கு ஒரு ஏக்கர். 30 அங்குல டெக், மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் 60 சென்ட் வரும். 21 அங்குலத் தள்ளு மெஷினை 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து ஓட்டினால் 30 சென்ட். மரங்கள் நெருக்கமாக இருந்தால் இந்த எண்களில் பாதிதான் நிஜத்தில் கிடைக்கும்.

வாங்க வேண்டாதவர்கள்

புல் அரை ஏக்கருக்குக் குறைவு என்றால் உட்கார்ந்து ஓட்டும் வண்டி வேண்டாம். தானாக நகரும் தள்ளு மெஷின் ஒன்று வாங்குங்கள். எஞ்சின் சக்கரத்தையும் சுற்றுவதால் தோட்டக்காரர் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும், தள்ள வேண்டாம். விலையும் பல மடங்கு குறைவு, சரிசெய்யவும் ஆள் கிடைப்பார்கள்.

புல் எந்த வகை என்பதையும் பாருங்கள். சென்னையில் பலர் ஆசையாகப் போடும் கொரியன் புல், சில வருடத்தில் மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஏறினால், பிளேடு மேட்டின் தலையைச் சீவி மஞ்சள் திட்டுகளாக விட்டுவிடும். கொரியன் புல்லுக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன். அருகம்புல், எருமைப்புல் மாதிரி படர்ந்து கிடக்கும் புல்லுக்கும், நாட்டுப்புல் கலந்து கிடக்கும் பொது இடத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

மூன்று ஏக்கருக்கு மேல், அதுவும் கரடுமுரடான நிலம் என்றால் எதிர்ப்பக்கக் காரணத்துக்காக இந்த வண்டி வேண்டாம். அங்கே மினி டிராக்டர்தான் சரி. மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார் போன்றவற்றின் பின்னால் புல்வெட்டும் கருவியை மாட்டிக்கொள்ளலாம். அதே டிராக்டர் உழவுக்கும் டிரெய்லருக்கும் உதவும். டிராக்டர் மெக்கானிக் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் எங்கேயும் கிடைப்பார். வெட்டு மட்டும் புல்வெட்டி அளவுக்கு நேர்த்தியாக இருக்காது.

இன்னொன்று. இடுப்பளவு வளர்ந்த புதரை வெட்ட எந்தப் புல்வெட்டி வண்டியும் ஆகாது. அதை முதலில் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பிரஷ் கட்டரால் தட்டி, கட்டையும் கல்லும் பொறுக்கி எடுத்த பிறகுதான் வண்டியை உள்ளே விட வேண்டும்.

வாங்கினால் கணக்கு சரிவருமா

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, தண்ணீர் பாய்ச்சினால் மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 30 தடவை வெட்ட வேண்டியிருக்கும். ஒரு ஏக்கர் புல்லுக்கு வெளியாள் தடவைக்கு 2,500 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 75,000. சொந்த வண்டி என்றால் மரங்களைச் சுற்றி ஒன்றரை மணி நேரம், மணிக்கு 3 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் எரிபொருளுக்கு 13,500. பிளேடு, பெல்ட், ஆயில், சர்வீசுக்கு 15,000 ஒதுக்குங்கள். மிச்சமாவது 46,500. வண்டி மூன்று லட்சம் என்றால் போட்ட பணம் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும்.

அதே கணக்கை இரண்டு ஏக்கருக்குப் போட்டுப் பாருங்கள். வெளியாளுக்கு வருடம் 1,50,000. நம் செலவு எரிபொருளுக்கு 27,000, பராமரிப்புக்கு 20,000. மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல், மூன்று வருடத்தில் வண்டி விலை திரும்பிவிடும். உங்கள் பகுதிக் கூலியை வைத்து இதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர்க்காரர்கள் வேறொன்றையும் யோசிக்கலாம்: பக்கத்துத் தோட்டக்காரரும் நீங்களும் சேர்ந்து ஒரே வண்டி வாங்குவது. இரண்டு வேலிக்கும் நடுவே ஒரு கேட் இருந்தால் இது மிக நன்றாக நடக்கும். வண்டி நிற்கும் இடம், ஓட்டும் ஆள், பழுதானால் யார் செலவு என்ற மூன்றை மட்டும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த வகை, எந்த அளவு

கடையில் மூன்று வகை சொல்வார்கள். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வண்டி முதலாவது. டெக் பெரும்பாலும் 30 அங்குலம். இரண்டாவது, எஞ்சின் முன்னால் இருந்து குட்டி டிராக்டர் போலத் தெரியும் வண்டி, 38 முதல் 46 அங்குலம் வரை. ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு லீவர் வைத்து நின்ற இடத்திலேயே திரும்பும் ‘ஜீரோ டர்ன்’ மூன்றாவது. அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை புல் உள்ளவர்களுக்கு முதல் வகை போதும். ஒன்று முதல் மூன்று ஏக்கருக்கு இரண்டாவது வகையில் 38 அல்லது 42 அங்குலம். ஜீரோ டர்ன் மரங்களைச் சுற்ற அருமையானது, ஆனால் விலை கூட. ஈர மணலில் முன் சக்கரங்கள் புதைந்து இழுக்கும், தோட்டக்காரருக்குக் கை பழகவும் நாளாகும். குறைந்த பட்ஜெட்டில் முதல் வண்டி வாங்குபவர் அதை விட்டுவிடலாம்.

எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அதில் மயங்க வேண்டாம். 30 அங்குலத்துக்கு 10 முதல் 12, 42 அங்குலத்துக்கு 17 முதல் 20 என்ற அளவில் இருந்தால் வேலை நடக்கும். இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது கியர் எப்படி என்பதுதான்.

கியர் வண்டியில் வேகம் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளட்ச் மிதிக்க வேண்டும், பல வண்டிகளில் நின்றுதான் மாற்ற வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் என்ற வகையில் ஆயில் அழுத்தத்தால் சக்கரம் சுற்றும்; பெடலை அழுத்தினால் முன்னே, இன்னொன்றை அழுத்தினால் பின்னே, நடுவில் எந்த வேகமும் கிடைக்கும். மரமும் பாத்தியும் நிறைந்த இடத்தில் ஹைட்ரோ மிகச் சுகம். ஆனால் விலை குறைந்த வண்டிகளில் வரும் ஹைட்ரோ யூனிட் பெரும்பாலும் மூடி சீல் வைத்தது. அதற்குள் கோளாறு வந்தால் பிரித்துச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், முழு யூனிட்டையே மாற்ற வேண்டிவரும். சாதா கியரை நம் ஊர் மெக்கானிக் எவரும் பிரித்துப் பார்த்துவிடுவார். என் கருத்து இதுதான்: நீளமாக, திறந்தவெளியாக உள்ள இடமென்றால் கியர் வண்டி எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். தோப்பு மாதிரி மரம் நிறைந்த இடமென்றால், அந்த யூனிட் இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறது என்று எழுத்தில் தரும் டீலரிடம் மட்டும் ஹைட்ரோ எடுங்கள்.

பேட்டரியில் ஓடும் வண்டிகளும் வந்திருக்கின்றன. சத்தமும் புகையும் இல்லாதது நல்ல விஷயம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பேட்டரியின் ஆயுள் குறையும். மாற்று பேட்டரியின் விலையைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

உங்கள் இடம் வண்டிக்கு ஏற்றதா

42 அங்குல டெக் என்றால் வண்டியின் மொத்த அகலம் அதைவிடக் கூட. புல்லை வெளியே தள்ளும் பக்கவாட்டுச் சரிவுத் தகடு சேர்த்தால் நாலேகால் அடியை நெருங்கும். முன்பக்கம் கார் கேட் வழியாக வந்துவிடும். பின்பக்கப் புல்லுக்குப் போக வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் உள்ள சந்துதான் வழி என்றால், அங்கே ஏசி அவுட்டோர் யூனிட், மழைநீர்க் குழாய் எல்லாம் போக எத்தனை அடி மிச்சம் என்று அளங்கள். மூன்றரை அடிச் சந்து உள்ளவர் 42 அங்குலம் வாங்கினால் பின்பக்கத்துக்கு வண்டி போகவே போகாது.

தென்னை உள்ள தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை அதிகம். கீழே விழுந்த குரும்பையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பிளேடின் முனை மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அதில் ஒரு குரும்பையோ ஜல்லிக்கல்லோ மாட்டினால் சரிவுத் தகடு வழியாகப் பறந்து கார் கண்ணாடியை உடைக்கும், ஆள் மேல் பட்டால் எலும்பு போகும். பன்னாடையும் மட்டை நாரும் பிளேடு தண்டில் சுற்றிக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு நடை சுற்றி வந்து குரும்பை, மட்டை, கல், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றையும் எடுக்கும் வழக்கம் வேண்டும். மழைக்காலத்தில் அந்த நடையில் ஒரு கம்பையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உயர்ந்த புல்லில் பாம்பு இருக்கலாம்.

வட்டப் பாத்தியின் கரை உயரமாக இருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போது டெக் மண்ணில் இடிக்கும். வண்டி வாங்கும் முன்பே கரைகளைத் தாழ்த்தி, இரண்டு பாத்திகளுக்கு நடுவே டெக் அகலத்தைவிட ஒரு அடியாவது கூடுதல் இடம் விடுங்கள். ஸ்ப்ரிங்ளர் தலைகளுக்குப் பக்கத்தில் சின்னக் கொடி நட்டு வையுங்கள். மாங்கிளை, கொய்யாக்கிளை உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும் உயரத்தில் இருந்தால் கவாத்து செய்துவிடுங்கள்.

மண்ணையும் பாருங்கள். கடற்கரை ஓரம் மணல். பிளேடு கிளப்பும் மணல் அதே பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். ஏர் ஃபில்டரும் வேகமாக அடைக்கும். சோழிங்கநல்லூர், பள்ளிக்கரணை பக்கக் களிமண் மழையில் சேறாகும். ஆளோடு சேர்த்து முந்நூறு கிலோவை ஒட்டிய எடை அதன் மேல் ஏறினால் டயர் தடம் பள்ளமாக விழுந்து, காய்ந்ததும் கல்லாக நிற்கும். அங்கே மழை விட்ட மறுநாளே வண்டியை இறக்கக் கூடாது. பட்டையான, பல் இல்லாத புல்தரை டயர் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ்: முடிவு எடுக்க வேண்டிய இடம்

எந்த பிராண்ட் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட, எந்த டீலர் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் தேடுவது நல்லது. ஹஸ்க்வர்னா, ஸ்டில், ஜான் டியர் போன்ற பெரிய பெயர்களும் உண்டு. இந்தியாவில் இறக்குமதி செய்து தங்கள் பெயரில் விற்பவர்களும் உண்டு. எஞ்சின் பல வண்டிகளில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், கவாசாகி என்று பொதுவாகவே இருக்கும். எஞ்சினால் பிரச்சினை அதிகம் வராது. பிளக், கார்புரேட்டர் சுத்தம், ஆயில் ஃபில்டர் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. வண்டியை உட்கார வைப்பது டெக்கின் கீழே உள்ள சாமான்கள்தான்: பிளேடு, பெல்ட் (பிளேடைச் சுற்றுவது டெக் பெல்ட், சக்கரத்தைச் சுற்றுவது டிரைவ் பெல்ட்), பிளேடைத் தாங்கிச் சுற்றும் ஸ்பிண்டில், அதைத் தாங்கும் பேரிங்.

இவற்றில் பேரிங் சுலபம். பலவற்றில் 6203, 6204 போன்ற பொது எண்கள்தான் இருக்கும். பாரிமுனையில் லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெரு பக்கக் கடைகளில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். பெல்ட்டில் கவனம் வேண்டும். நீளமும் அகலமும் சரியாக இருக்கிறதே என்று தண்ணீர் மோட்டாருக்கோ மாவு மில்லுக்கோ போடும் பெல்ட்டை மாட்டுவார்கள். புல்வெட்டி பெல்ட் முன்னும் பின்னும் வளைந்து, முதுகுப் பக்கமும் உருளையில் ஓடுவது. இழுவை தாங்க உள்ளே கெட்டியான வேறு நூல் இருக்கும். சாதா பெல்ட் சில மணி நேரத்தில் இளகி வழுக்க ஆரம்பித்துவிடும். ஸ்பிண்டிலின் வார்ப்புக் கூடு உடைந்தால் கம்பெனி சாமான்தான் வர வேண்டும். அவசரத்துக்கு கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் போட்டுச் செய்து தருவார்கள். ஆனால் அதற்குள் சுற்றும் தண்டு துல்லியமாக நேராக இல்லை என்றால் வண்டியே அதிரும்.

ஆகவே டீலரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, இந்த மாடலுக்கு டெக் பெல்ட், டிரைவ் பெல்ட், ஒரு செட் பிளேடு, ஒரு ஸ்பிண்டில் இப்போ கடையிலே இருக்கா? எடுத்துக் காட்டுங்க, விலையும் சொல்லுங்க.” ‘ஆர்டர் போட்டா வந்துடும் சார்’ என்று பதில் வந்தால், எத்தனை நாளில், எந்த ஊரிலிருந்து என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, மெக்கானிக் உங்கள் இடத்துக்கு வருவாரா, வந்தால் எவ்வளவு என்பது. வர மாட்டார் என்றால் ஒவ்வொரு பழுதுக்கும் வண்டியைக் குட்டியானையில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்ற இறக்கச் சரிவுப் பலகையும் நாலு ஆளும் வேண்டும். இந்த வண்டி சாலையில் ஓட்டிப் போகிற வண்டி இல்லை. கடைசியாக, அதே மாடலை இரண்டு வருடமாக ஓட்டும் ஒருவரின் போன் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடம் மழைக்காலத்தில் என்னென்ன கெட்டது, எத்தனை நாளில் சரியானது என்று விசாரியுங்கள். நல்ல டீலர் தயங்காமல் எண் தருவார்.

விலைக் கடிதத்தில் ஜிஎஸ்டி, கொண்டுவரும் கூலி, முதல் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த தொகையை எழுதச் சொல்லுங்கள். வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு ஒரு மாதிரி, பள்ளி, ரிசார்ட், அடுக்குமாடி வளாகம் போன்றவற்றுக்கு வேறு மாதிரி இருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் பில் போடுபவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் சிமெண்ட் தரையில் ஒரு ரவுண்டு அடிப்பது டெமோ ஆகாது. உங்கள் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றுக்கூலி நீங்கள் தருவதாகச் சொன்னால் பலர் வருவார்கள். முடிந்தால் புரட்டாசியில் ஒரு மழைக்குப் பிறகு, புல் நன்றாக வளர்ந்திருக்கும்போது வையுங்கள். ஓட்ட வேண்டியது தோட்டக்காரர். தினமும் உட்காரப் போகிறவர் அவர்தானே. சீட் அவர் உயரத்துக்கு நகருமா, பெடல் எட்டுமா, பின்னால் போகும்போது திரும்பிப் பார்க்கச் சிரமம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குப் பிடிக்காத வண்டியை வாங்கினால் அது கொட்டகையில்தான் நிற்கும்.

பிறகு ஒரு பட்டை வெட்டிவிட்டுப் பாருங்கள். நடுவில் வெட்டாத கோடு நிற்கிறதா, ஒரு பக்கம் தாழ்ந்து வெட்டுகிறதா, ஈரப்புல் டெக்குக்குள் கட்டியாக அடைக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். வெட்டிய புல்லை உள்ளேயே நறுக்கிப் போடும் மல்ச்சிங் வசதி கோடையில் நல்லது, புல்லுக்கே உரமாகும். மழைக்கால ஈரப்புல்லில் அது அடைத்துக்கொள்ளும்; அப்போது பக்கவாட்டில் தள்ளுவதே சரி. பை மாட்டும் வசதிக்குக் கூடுதல் பணம் தர அவசியமில்லை.

பழைய வண்டி

ரிசார்ட், கல்லூரி, தொழிற்சாலை வளாகங்கள் பழைய வண்டிகளைத் தள்ளிவிடுவதுண்டு. பாதி விலைக்கு நல்ல வண்டி அமையலாம். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறின எஞ்சின் எப்படி எழுகிறது என்பதுதான் தெரிய வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, டெக்கின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கடற்கரை வண்டியில் பெயிண்டுக்குக் கீழே தகடு துருவாகவே இருக்கலாம், குத்தினால் உள்ளே போகும். துணியால் பிடித்துக்கொண்டு பிளேடை மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. ஹைட்ரோ வண்டியானால் அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு ஒரு சின்ன மேட்டில் ஏற்றுங்கள். அங்கே திணறினால் விட்டுவிடுங்கள். பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் பிளேடும் எஞ்சினும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு சுவிட்சை யாரோ துண்டித்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் வண்டியை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

பெட்ரோல், உப்புக்காற்று, வெள்ளம்

இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் தன் எஞ்சின்களுக்கு 10 சதவீதம் வரைதான் ஏற்கும் என்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோல் பல வாரம் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரை அரித்து அடைக்கும். வாங்கும் முன் உங்கள் எஞ்சினின் கையேட்டில் எந்த அளவு வரை அனுமதி என்று பார்த்து, டீலரிடம் வாரண்டி பற்றியும் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு, இரண்டு வாரத்துக்குள் தீரும் அளவு மட்டுமே நிரப்புங்கள். கோடையில் வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் தரப் பல பங்க்குகளில் மறுப்பார்கள். எந்த மாதிரி கேனுக்குத் தருவார்கள் என்று பக்கத்துப் பங்க்கில் முன்பே கேட்டு வையுங்கள்.

கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் டெக்கின் அடியில் ஒட்டிய புல்லை நீக்க வேண்டும். ஈரப்புல்லும் உப்பும் சேர்ந்தால் தகடு நாலைந்து வருடத்தில் ஓட்டையாகிவிடும். பல டெக்குகளில் தோட்டக் குழாயை மாட்டிக் கழுவ ஒரு வாய் இருக்கும். கழுவிய பின் ஒரு நிமிடம் பிளேடை ஓடவிட்டு உலர்த்துங்கள்.

நிறுத்தும் இடம் மேடாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் எங்கெல்லாம் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேலே ஒரு அடியாவது உயர்த்திக் கொட்டகைத் தரையைப் போடுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியைப் பார்த்ததும் சாவி போட்டுவிடக் கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு சுற்றிலேயே உடைந்துவிடலாம். முதலில் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஆயிலை மாற்றட்டும்.

ஓட்டும்போது

குழந்தைகளை மடியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டவே வேண்டாம். இந்த வண்டிகளால் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையான விபத்துகளில் பல, வண்டி பின்னால் வரும்போதோ, மடியிலிருந்து நழுவி விழும்போதோ நடப்பவை. ஒருமுறை ஏற்றினால் அடுத்த முறை சத்தம் கேட்டதும் குழந்தை வண்டியை நோக்கி ஓடி வரும். வெட்டும் நேரத்தில் குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும். ஓட்டுபவருக்குக் காது மூடி, கண்ணாடி, ஷூ வாங்கிக் கொடுங்கள். கிணற்று ஓரம், குளத்துக் கரை, வாய்க்கால் சரிவு ஆகியவற்றை வண்டிக்கு விடாமல் பிரஷ் கட்டரால் வெட்டச் சொல்லுங்கள். 15 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் ஏறக் கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன.

முதல் வருடம்

புது எஞ்சினில் முதல் 5 முதல் 8 மணி நேரத்துக்குள் ஆயிலை மாற்ற வேண்டும். அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு ஏக்கர் புல் உள்ள தோட்டத்துக்கு அது ஏறக்குறைய வருடம் ஒருமுறை. அதை ஆயுத பூஜையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வண்டியைக் கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைக்கப் போகிறோம்; அதற்கு முந்தைய வாரம் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிளேடு, பெல்ட் எல்லாம் பார்த்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு வண்டி தயார். மெக்கானிக்குகளும் அப்போதுதான் கையில் கிடைப்பார்கள், நவம்பரில் எல்லோரும் அவர்களைத்தான் தேடுவார்கள்.

பிளேடை 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும், மணல் தோட்டத்தில் இன்னும் சீக்கிரம். வெட்டிய புல்லின் நுனி நேராக இல்லாமல் கிழிந்து வெளுத்திருந்தால் கூர் போய்விட்டது என்று அர்த்தம். சாணை பிடித்தபின் பிளேடின் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் அதிர்ந்து பேரிங் போகும். ஒரே வெட்டில் புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மழையால் இரண்டு வாரம் விட்டுப்போனால் முதலில் உயர்த்தி வெட்டி, நாலு நாள் கழித்து இறக்கி வெட்டுங்கள்.

வண்டிக்குப் பணம் கட்டும் அன்றே, அதே பில்லில், கூடுதலாக ஒரு செட் பிளேடு, ஒரு டெக் பெல்ட், ஒரு டிரைவ் பெல்ட், ஒரு ஏர் ஃபில்டர், இரண்டு பிளக் வாங்கிவிடுங்கள். பெல்ட்டுகளை வெயில் படாத அலமாரியில், எலி கடிக்காத டப்பாவில், மாடல் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.